ஊரைப் பள்ளிக்கு அழைத்தவர்

நுழையும்முன்

நண்பகலில் பள்ளி மணி ஒலித்ததும் தட்டேந்தி வரிசையில் அமரும் குழந்தைகளை இன்று தமிழ்நாட்டின் எந்தச் சிற்றூரிலும் காணலாம். இயல்பாகத் தோன்றும் இக்காட்சி இயல்பாக வந்ததன்று. முதலமைச்சர் ஒருவரின் உறுதி, கல்வி அதிகாரி ஒருவரின் திட்டமிடல், எண்ணற்ற ஊர்மக்களின் கொடை ஆகிய மூன்றும் கூடி உருவாக்கியது இது. அந்த அதிகாரியே பிற்காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக உயர்ந்த நெ. து. சுந்தரவடிவேலு. அரசுப் பதவியைச் சமுதாயத் தொண்டுக்குரிய கருவியாக மாற்றிய அவரது வாழ்வை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

நெய்யாடுபாக்கம்

காஞ்சிபுரத்தை அடுத்துள்ள சிற்றூர் நெய்யாடுபாக்கம். அவ்வூரில் 1912ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் துரைசாமி என்பாரின் மகனாகச் சுந்தரவடிவேலு பிறந்தார். ஊரின் பெயரையும் தந்தையின் பெயரையும் தலைப்பெழுத்துகளாக ஏற்று, நெ. து. சு. என்னும் மூன்றெழுத்துகளால் அவர் தமிழ்நாடெங்கும் அறியப்பட்டார். பதவிகள் பல ஏறியபின்னும் பிறந்த ஊர் அவர் பெயரின் முதலெழுத்தாகவே நின்றது.

அக்காலத்தில் சிற்றூர்ப் பிள்ளை ஒருவர் உயர்கல்வி பெறுவது எளிதன்று. தொடக்கப்பள்ளியைத் தாண்டினால் உயர்நிலைப் பள்ளிக்கு நகரத்தை நாட வேண்டும். அதனையும் தாண்டினால் கல்லூரிக்குச் சென்னையை நாட வேண்டும். ஒவ்வொரு படியிலும் பலர் பின்தங்கிவிடச் சிலரே மேலேறினர். அச்சிலருள் ஒருவராகச் சுந்தரவடிவேலு காஞ்சிபுரத்தில் பயின்று, பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்து முதுகலைப் பட்டம் பெற்றார். தம்மோடு ஊர்ப்பள்ளியில் அமர்ந்திருந்த பிள்ளைகளுள் எத்தனை பேர் இடைவழியில் நின்றுவிட்டனர் என்பதை அவர் மறக்கவில்லை. அவர்கள் அறிவில் குறைந்தவர்கள் அல்லர். வாய்ப்பில் குறைந்தவர்கள் என்பதை இளமையிலேயே உணர்ந்திருந்தார்.

கொள்கையும் வாழ்வும்

மாணவப் பருவத்திலேயே தந்தை பெரியாரின் சுயமரியாதை இயக்கக் கருத்துகள் சுந்தரவடிவேலுவை ஈர்த்தன. பிறப்பினால் உயர்வு தாழ்வு இல்லை என்பதை மேடையில் பேசுவது எளிது; வாழ்வில் கடைப்பிடிப்பது அரிது. அவர் அரிதானதைச் செய்தார். சுயமரியாதை இயக்கத்தின் முன்னோடிகளான குத்தூசி குருசாமி, குஞ்சிதம் இணையரின் குடும்பத்தைச் சேர்ந்த காந்தம் என்பவரைச் சாதி கடந்து சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டார். குஞ்சிதத்தின் தங்கையான காந்தம் அவருடைய பொதுவாழ்வுக்கு உற்ற துணையாக விளங்கினார்.

அரசுப் பணியில் இருப்பவர், அதுவும் ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில், இத்தகைய முடிவெடுக்கத் துணிவு வேண்டும். அத்துணிவு அவரிடம் ஆரவாரமின்றி இருந்தது. கொள்கையை அலுவலகத்தில் முழக்கமாக்காமல், தம் கடமையைச் செய்யும் முறையில் அதனைக் காட்டினார்.

ஊராட்சித் துறையில் அலுவலராகப் பணியைத் தொடங்கிய அவர், பின்னர்க் கல்வித் துறைக்கு மாறினார். ஊராட்சிப் பணி அவருக்கு ஊரின் அமைப்பைக் கற்பித்தது. ஓர் ஊரில் யார் சொன்னால் மக்கள் கேட்பர், எந்தத் தெருப் பிள்ளைகள் பள்ளிக்கு வருவதில்லை, ஊர்ப்பொதுவில் என்ன உண்டு, என்ன இல்லை என்பனவற்றைக் கோப்புகள் சொல்லா. நடந்து பார்த்தவரே அறிவர். கல்வித் துறையின் ஆய்வு அலுவலராக மாவட்டங்கள் பலவற்றில் பணியாற்றியபோது இவ்வறிவு மேலும் விரிந்தது.

துறையின் தலைமை

1954ஆம் ஆண்டு ஏப்ரலில் காமராசர் சென்னை மாநிலத்தின் முதலமைச்சரானார். முந்தைய ஆண்டில் அறிமுகமாகி, தொடக்கப்பள்ளி நேரத்தைக் குறைத்த கல்வித் திட்டம் பெரும் எதிர்ப்புக்குள்ளாகி அவ்வாண்டிலேயே கைவிடப்பட்டது. கல்வித் துறை புதிய வழியைத் தேடிக்கொண்டிருந்த அந்நேரத்தில் பொதுக்கல்வி இயக்குநர் பொறுப்பு சுந்தரவடிவேலுவிடம் வந்தது. அப்போது அவர் நாற்பது வயதைக் கடந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. தம்மைவிட வயதிலும் பணியிலும் மூத்தோர் பலர் இருந்த துறைக்கு அவர் தலைமை ஏற்றார்.

முன்னே நின்ற சிக்கல் பெரியது. 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்திய மக்களுள் எழுத்தறிந்தோர் நூற்றுக்குப் பதினெட்டுப் பேரே. விடுதலை பெற்ற நாட்டின் அரசியலமைப்பு, பதினான்கு வயது வரை அனைவருக்கும் கட்டணமில்லாக் கட்டாயக் கல்வி வழங்க அரசு முயல வேண்டும் என்று வழிகாட்டியிருந்தது. ஆயினும், பள்ளியே இல்லாத ஊர்கள் பல இருந்தன. பள்ளி இருந்த ஊர்களிலும் வகுப்பறைகள் நிரம்பவில்லை.

முதற்பணி பள்ளி திறப்பது. பள்ளியில்லா ஊர்கள் கணக்கெடுக்கப்பட்டன. எந்தக் குழந்தையும் நெடுந்தொலைவு நடக்காமல் தொடக்கப்பள்ளியை அடைய வேண்டும் என்பது நோக்கமாயிற்று. சிற்றூர்களுக்கு ஓராசிரியர் பள்ளிகள் வந்தன. படித்துவிட்டு வேலையின்றி இருந்த இளைஞர்கள் அப்பள்ளிகளில் ஆசிரியராயினர். ஆசிரியர் ஒருவர் பல வகுப்புகளைக் கற்பிப்பது சிறந்த முறையன்று என்பதை அவர் அறியாதவரல்லர். ஆனால், சிறந்த பள்ளிக்காகக் காத்திருந்தால் ஒரு தலைமுறை எழுத்தறியாமலே வளர்ந்துவிடும். முதலில் பள்ளி, பின்னர் அதன் குறை களைதல் என்பதே அவர் பின்பற்றிய வரிசை.

பசி என்னும் தடை

பள்ளி திறந்த ஊர்களிலும் பிள்ளைகள் தொடர்ந்து வரவில்லை. பெயரைப் பதிந்தோர் சில திங்களில் நின்றனர். காரணத்தைத் தேடியவர்கள் ஏழைக் குடிசைகளின் அடுப்பங்கரையில் அதனைக் கண்டனர். ஆடு மேய்த்தாலும் களை பறித்தாலும் பிள்ளைக்கு ஒருவேளைக் கூழ் கிடைத்தது. பள்ளிக்குச் சென்றால் அதுவும் கிடைக்கவில்லை. பிள்ளையின் பசிக்கும் படிப்புக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலையில் பெற்றோர் இருந்தனர். கட்டாயக் கல்விச் சட்டத்தைக் காட்டி இவர்களுக்குத் தண்டம் விதிப்பதால் பயனில்லை.

பள்ளியிலேயே நண்பகல் உணவு தந்தால் இத்தடை நீங்கும் என்று காமராசர் உறுதியாக எண்ணினார். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் முன்பே இம்முயற்சி நடந்திருந்தது. மாநகருக்கு இயன்றதை மாநிலம் முழுவதற்கும் விரிப்பது எவ்வாறு? பல்லாயிரம் பள்ளிகளுக்கு உணவளிக்க அரசிடம் பணமில்லை. உணவு வழங்குவது பள்ளியின் வேலையா, தொடங்கியபின் நிதியின்றி நிறுத்த நேர்ந்தால் என்னாகும் என்றெல்லாம் ஐயங்கள் எழுந்தன. அவை புறந்தள்ளத்தக்க ஐயங்களல்ல. வெறும் ஆர்வம் அவற்றுக்கு விடையாகாது. கணக்கும் நடைமுறையும் வேண்டும். அவற்றை வகுக்கும் பொறுப்பு பொதுக்கல்வி இயக்குநருடையதாயிற்று.

அரசாணைக்கும் அரசுப் பணத்துக்கும் காத்திராமல், மக்களிடமிருந்தே தொடங்குவது என்பது அவர்கள் தேர்ந்த வழி. கல்வி அலுவலர்களும் ஆசிரியர்களும் ஊர்ப்பெரியோரைச் சந்தித்தனர். தங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தாங்களே சோறிடுமாறு வேண்டினர். உழவர் நெல் தந்தனர். வணிகர் பருப்பும் எண்ணெயும் தந்தனர். எதுவும் தர இயலாதோர் விறகு தந்தனர். 1956ஆம் ஆண்டில் பாரதியார் பிறந்த எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைக் காமராசர் தொடங்கி வைத்தார்.

ஆறு காசும் நான்கு காசும்

மக்களின் ஆதரவு கண்கூடானபின் அரசு தயங்க இடமில்லை. 1957ஆம் ஆண்டு நவம்பர் முதல் அரசின் நிதியுதவி சேர்ந்தது. ஒரு குழந்தையின் ஒருவேளை உணவுக்குப் பத்துக் காசு எனக் கணக்கிடப்பட்டது. அதில் ஆறு காசு அரசின் பங்கு. நான்கு காசு ஊரின் பங்கு. ஆண்டுக்கு 200 நாள் உணவென்றால் ஒரு குழந்தைக்கு ஆகும் செலவு 20 ரூபாய். முப்பது ஏழைப் பிள்ளைகள் உள்ள ஊர் ஆண்டுக்கு 240 ரூபாய் திரட்டினால், அரசு 360 ரூபாய் தரும்.

இப்பங்கீடு பணத்தட்டுப்பாட்டால் மட்டும் பிறந்ததன்று. முழுச்செலவையும் அரசு தந்தால் பள்ளி அரசின் பள்ளியாகவே நிற்கும். நான்கு காசு தரும் ஊர், அப்பள்ளியைத் தன் பள்ளியாக எண்ணும். அரிசி வந்ததா, பிள்ளைகள் உண்டனரா, ஆசிரியர் வந்தாரா என்று கேட்கும். அந்தக் கேள்வியே பள்ளிக்குக் காவல். உள்ளூர்க் குழுக்கள் உணவுக்குப் பொறுப்பேற்றதால் ஊருக்கும் பள்ளிக்கும் இடையே இருந்த தொலைவு குறைந்தது.

இத்திட்டத்திற்குக் குறைகளும் இருந்தன. பள்ளிப் பிள்ளைகளுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கே உணவளிக்க முடிந்தது. ஊர் தன் பங்கைத் திரட்டாவிடில் அடுப்பு எரியாது. வறண்ட ஊர்களுக்கு நான்கு காசும் சுமையே. இவற்றை அறிந்தே திட்டம் நடத்தப்பட்டது. 1961இல் கேர் அமைப்பின் உணவுப்பொருள் உதவி கிடைத்தபோது சுமை சற்றுக் குறைந்தது. பின்வந்த அரசுகள் ஊரின் பங்கைக் கேட்காமலே அனைவர்க்கும் உணவளிக்கும் நிலைக்குத் திட்டத்தை வளர்த்தன.

சோற்றோடு இன்னொன்றும் பரிமாறப்பட்டது. வெவ்வேறு தெருக்களில் வாழ்ந்து, ஒருவர் வீட்டில் ஒருவர் உண்ணாத குடும்பங்களின் பிள்ளைகள், ஒரே அடுப்பில் வெந்த சோற்றை ஒரே வரிசையில் அமர்ந்து உண்டனர். ஏட்டுப் பாடத்துக்கு முன்பே சமத்துவப் பாடம் அங்கு நடந்தது. சாதி மறுப்பைத் தம் இல்லறத்தில் மேற்கொண்ட சுந்தரவடிவேலு, இப்பாடத்தின் அருமையை நன்கு அறிந்தவர்.

தெரியுமா?

பள்ளியில் உணவளிக்கும் முயற்சி, சர் பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தபோது 1920இல் ஆயிரம்விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கியது. 1956இல் மாநிலத் திட்டமாக விரிந்தது. 1982இல் சத்துணவுத் திட்டமாக வளர்ந்தது. 1995இல் இந்திய அரசும் தொடக்கப்பள்ளிகளுக்கு இத்தகைய திட்டத்தை மேற்கொண்டது. 2022இல் தமிழ்நாட்டில் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பட்டது.

பள்ளிச் சீரமைப்பு இயக்கம்

மதிய உணவுக்கு அள்ளித் தந்த மக்களிடம் சுந்தரவடிவேலு ஓர் ஆற்றலைக் கண்டார். கேட்பதற்கு முறையும், தருவதற்கு ஒரு மேடையும் இருந்தால் ஊர்கள் தம் பள்ளிகளின் எல்லாக் குறைகளையும் தீர்த்துக்கொள்ளும் என்று நம்பினார். அந்நம்பிக்கையிலிருந்து பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் பிறந்தன. முதல் மாநாடு 1958இல் திருவள்ளூருக்கு அருகிலுள்ள கடம்பத்தூரில் நடைபெற்றது.

மாநாடு என்றதும் மேடைப்பேச்சே நினைவுக்கு வரும். இம்மாநாடுகளின் உண்மைப் பணி பேச்சுக்கு முன்பே நடந்து முடிந்தது. ஆய்வு அலுவலர்கள் வட்டாரத்தின் ஒவ்வொரு பள்ளிக்கும் சென்று தேவைகளைப் பட்டியலிட்டனர். ஒரு பள்ளிக்குக் கூரை வேண்டும், இன்னொன்றுக்குக் கரும்பலகை, வேறொன்றுக்குக் கிணறு, சுற்றுச்சுவர், விளையாட்டுத் திடல், கடிகாரம், மண்பானை. பெருந்தொகையை ஒருவரிடம் கேளாமல், ஒவ்வொரு தேவையையும் அதனை நிறைவேற்ற இயன்றவரிடம் கொண்டு சென்றனர். நிலம் உள்ளவர் நிலம் தந்தார். தச்சர் நாற்காலி செய்து தந்தார். கடிகாரம் தந்தவரும் மண்பானை தந்தவரும் ஒரே மேடையில் பாராட்டப்பெற்றனர்.

இம்முறையால் அலுவலர்களும் மாறினர். அதுவரை ஆய்வு அலுவலர் என்றால் குற்றங்காண வருபவர் என்னும் அச்சம் ஆசிரியர்களிடம் இருந்தது. இப்போது பள்ளிக்கு என்ன வேண்டும் என்று கேட்டு வருபவராக அவர் மாறினார். துறைத்தலைவரே ஊர் ஊராகச் சென்றபோது கீழ்நிலை அலுவலர் அலுவலகத்தில் அமர்ந்திருக்க இயலவில்லை. நன்கொடையால் சீருடை வழங்கும் முயற்சியும் இவ்வியக்கத்தின் பகுதியாக வளர்ந்தது. கிழிந்த ஆடைக்கு நாணிப் பள்ளிக்கு வாராத பிள்ளைகளும் வந்தனர். ஏழை, செல்வர் என்னும் வேறுபாடு வகுப்பறையில் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்தது.

ஆசிரியரும் நூலகமும்

குழந்தையின் பசியைக் கருதியவர் ஆசிரியரின் முதுமையையும் கருதினார். தனியார் பள்ளி ஆசிரியர்கள் அக்காலத்தில் குறைந்த ஊதியத்தில் உழைத்து, ஓய்வுக்குப்பின் ஆதரவின்றி வாடினர். அவர்களுக்கு ஓய்வூதியம், வைப்புநிதி, காப்பீடு ஆகிய மூன்றையும் வழங்கும் திட்டம் காமராசர் ஆட்சியில் நடைமுறைக்கு வந்தது. அதனைச் செயற்படுத்தியதில் சுந்தரவடிவேலுவின் துறைக்குப் பெரும்பங்கு உண்டு.

இந்தியாவில் பொது நூலகச் சட்டத்தை முதலில் இயற்றிய மாநிலம் சென்னை. 1948இல் இயற்றப்பெற்ற அச்சட்டத்தின்கீழ் நூலகங்களை வளர்க்கும் பொறுப்பும் கல்வி இயக்குநரைச் சார்ந்திருந்தது. பள்ளியை விட்டவர் எழுத்தை மறவாதிருக்க ஊரில் நூலகம் வேண்டும் என்பதால், அப்பொறுப்பையும் அவர் அக்கறையுடன் ஆற்றினார். அவரது கல்விப் பணியைப் பாராட்டி இந்திய அரசு 1961இல் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

துணைவேந்தர்

1857இல் நிறுவப்பெற்றது சென்னைப் பல்கலைக்கழகம். அதன் துணைவேந்தராக இருபத்தேழு ஆண்டுகள் வீற்றிருந்தவர் மருத்துவப் பேரறிஞர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார். அவருக்குப்பின் 1969இல் அப்பொறுப்பை நெ. து. சுந்தரவடிவேலு ஏற்றார். மாநிலக் கல்லூரி மாணவராகச் சேப்பாக்கக் கடற்கரைச் சாலையில் நடந்தவர், அதே சாலையிலுள்ள பல்கலைக்கழகத்தின் தலைமைக்கு வந்தார். 1975 வரை ஆறாண்டுகள் அப்பொறுப்பில் இருந்தார்.

அவர் பொறுப்பேற்ற ஆண்டிற்கு ஒரு சிறப்புண்டு. 1957இல் முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தை, பதினோராண்டுப் பள்ளிப் படிப்பை 1968இல் முடித்திருக்கும். ஓராண்டுப் புகுமுக வகுப்பையும் முடித்து 1969இல் பட்டப்படிப்பின் வாயிலில் நின்றிருக்கும். அரசின் ஆறு காசும் ஊரின் நான்கு காசும் கலந்த சோற்றை உண்டு படித்த தலைமுறை கல்லூரிக்குள் நுழைந்த நேரத்தில், அச்சோற்றுக்குக் கணக்கிட்டவர் பல்கலைக்கழகத்தின் தலைமையில் இருந்தார்.

அத்தலைமுறையின் இடர்களை அவர் அறிவார். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த மாணவருக்கு வழிகாட்ட வீட்டில் எவருமில்லை. பள்ளியில் தமிழ்வழியில் பயின்றவர், கல்லூரியில் ஆங்கிலவழிப் பாடங்களைக் கேட்டுத் திகைத்தார். உயர்கல்வியிலும் தமிழ் பயிற்றுமொழியாக வேண்டும் என்று சுந்தரவடிவேலு கருதியதற்கு மொழிப்பற்று மட்டும் காரணமன்று; சிற்றூரிலிருந்து வந்த மாணவர் வாயிலோடு திரும்பிவிடக்கூடாது என்னும் கவலையும் காரணம். பல்கலைக்கழகம் சிலருக்கு உரிய கோட்டையாக இல்லாமல், உழைக்கும் மக்களின் வரிப்பணத்தில் நடக்கும் பொதுநிறுவனமாக இருக்க வேண்டும் என்பது அவர் பார்வை. தொடக்கப்பள்ளி, பல்கலைக்கழகம் என்னும் இரண்டும் அவருக்கு ஒரே பாதையின் இரு முனைகளாகவே தோன்றின.

எழுத்தும் நிறைவும்

பதவிகளுக்கிடையிலும் பதவிக்குப் பின்னும் அவர் எழுதினார். அயல்நாடுகளில் கண்ட கல்வி முறைகளை எளிய தமிழில் நூல்களாக்கினார். நினைவு அலைகள் என்னும் தன்வரலாற்றை மூன்று தொகுதிகளாக எழுதினார். தம் வாழ்க்கையோடு, இருபதாம் நூற்றாண்டுத் தமிழ்நாட்டுக் கல்வி வளர்ந்த வரலாற்றையும் அந்நூலில் பதிவு செய்துள்ளார். கல்விப் புரட்சியின் பெருமையைத் தமதாக்கிக் கொள்ளாமல் காமராசருக்கும் ஊர்மக்களுக்கும் உரித்தாக்கினார். அவருடைய நூல்களைத் தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கியுள்ளது. 1993ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள் அவர் மறைந்தார்.

சட்டத்தால் திறக்காத கதவைச் சோறு திறக்கும் என்று கண்டவர் காமராசர். அச்சோற்றை ஊர்தோறும் சமைக்க வழி வகுத்தவர் சுந்தரவடிவேலு. ஆணையிடும் இடத்தில் இருந்தும் ஊர்மக்களிடம் கேட்கச் சென்றார். கொடுக்கும் பெருமையை அவர்களுக்கே தந்தார். நண்பகலில் பள்ளி மணி ஒலிக்கும்போதெல்லாம், நெய்யாடுபாக்கத்தில் பிறந்த அந்தக் கல்வியாளரின் தொண்டு தமிழ்நாட்டின் வகுப்பறைகளில் தொடர்கிறது.